ஐந்தாவது மலையில் ஒரு பாறை

கோடை விடுமுறை என்றால் நம்மில் பல பேருக்கு ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு. போனோமா, போட்டில் சுற்றினோமா, பஜ்ஜி சாப்பிட்டோமா, வந்தோமா என்று முடிந்துவிடும். தப்பில்லை. நானும் அப்படித்தான் இருபத்தைந்து வருஷம் ஓட்டியிருக்கிறேன். ஆனால் எங்கள் கோயம்புத்தூர்ப் பக்கத்து ஜனங்களுக்குக் கோடை என்றால் இன்னொன்றும் ஞாபகம் வரும். மூங்கில் தடி! பிப்ரவரி பிறந்து சிவராத்திரி நெருங்கியதும் யார் கையிலாவது ஒரு தடி தெரியும். "என்ன, வெள்ளியங்கிரியா?" என்று கேட்க வேண்டியதே இல்லை.

கோவைக்கு மேற்கே, பஸ்ஸில் ஒரு மணி நேரம் சொச்சம் போனால் பூண்டி. அடிவாரத்தில் வெள்ளியங்கிரி ஆண்டவர் கோயில். அதற்குப் பின்னால் ஒன்றன்மேல் ஒன்றாக ஏழு மலைகள். உச்சியில் பெரிய பெரிய பாறைகள் சாய்ந்து நிற்கிற ஒரு குகை. அதற்குள் சுயம்பு லிங்கம். தென் கயிலாயம் என்பார்கள். உயரம் ஏறக்குறைய ஆறாயிரம் அடி. பிப்ரவரியிலிருந்து மே வரைக்கும்தான் வனத்துறை மேலே விடும். மற்ற மாசங்களில் மழை, பனி, யானை.

பத்து வயசுக்கு மேல் ஐம்பது வயசுக்குள் இருக்கிற பெண்களை மலைக்கு அனுப்புவதில்லை என்பது அங்கே வழக்கம். அது சரியா தப்பா என்பது வேறு கட்டுரை. எனக்கு அதில் வருத்தம் உண்டு, அவ்வளவுதான் சொல்வேன். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து மாமனார், கொழுந்தனார், அப்புறம் என் பையன் என்று ஒவ்வொருவருக்கும் கட்டுச்சோறு கட்டிக்கொடுத்து வழியனுப்பியிருக்கிறேன். "ஐம்பது முடியட்டும், நானும் வரேன்" என்று விளையாட்டாகச் சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு 2022-ல் நிஜமாகவே ஐம்பத்தொன்று பிறந்துவிட்டது.

அந்தச் சமயம் பார்த்து வீட்டில் வேறு நிலைமை. என் கணவருக்குச் சர்க்கரையும் பி.பி.யும் எட்டு வருஷமாக உண்டு. 2021-ல் ஒருநாள் ஆபீஸில் நெஞ்சைப் பிசைந்து, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஆஞ்சியோ எடுத்துப் பார்த்ததில் பெரிய அடைப்பு எதுவும் இல்லை, மாத்திரையே போதும் என்று அனுப்பிவிட்டார்கள். நல்ல சேதிதானே? மனுஷர் நம்பவில்லை! மாடிப்படி ஏறினால் நாடி பிடித்துப் பார்ப்பார். கல்யாணத்துக்குப் போனால் பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறதா என்று விசாரிப்பார். சாமி நம்பிக்கை அவருக்கு எப்போதுமே குறைச்சல்தான். இப்போது தன் உடம்பு மேல் இருந்த நம்பிக்கையும் போய்விட்டது. சாமி நம்பிக்கை இல்லாமல்கூடக் குடும்பம் நடத்திவிடலாம். இது இல்லாமல் ரொம்பக் கஷ்டம்.

"நானும் வரேன். வெள்ளியங்கிரிக்கு" என்று அவரே ஒருநாள் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

டாக்டரிடம் போனோம். எக்கோ, டிரெட்மில் எல்லாம் பார்த்தார். டிரெட்மில்லில் குறை இல்லை. ஆனாலும் உடனே தலையாட்டிவிடவில்லை. "ஆறு வாரம் தயார் பண்ணுங்க. முதல்ல சமதளத்துல நடை, அப்புறம் படி. ஏறும்போது பேச முடியணும். ஒரு முழு வாக்கியம் சேர்ந்தாப்ல பேச முடியலைன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம். அங்க போனாலும் ஏழாவது மலை ஒண்ணும் பரீட்சை இல்ல. எங்க முடியலையோ அங்க திரும்பிடணும்" என்றார்.

ஆறு வாரமும் விடியற்காலையில் மருதமலைப் படிக்கட்டில் போய் ஏறி இறங்கினோம். முதல் வாரம் பாதியில் உட்கார்ந்துவிட்டார். ஆறாவது வாரம் எனக்கு முன்னால் போய் நின்று, "என்ன, இன்னும் காணோம்?" என்றார். மூன்று வருஷத்துக்கு முந்தின குரல்! அந்தக் குரலுக்காகவே நான் எந்த மலைக்கும் போகத் தயார்.

2023 ஏப்ரல், ஒரு சனிக்கிழமை ராத்திரி ஏறினோம். பகல் வெயிலுக்குப் பயந்துதான் ராத்திரி. (அனுமதிக்கிற நேரம், நாள் எல்லாம் மாறிக்கொண்டே இருக்கும். விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.) கையில் தடி, தலையில் டார்ச், பையில் ஒரு ஸ்வெட்டர், தண்ணீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், கடலை மிட்டாய், குளுக்கோஸ், சர்க்கரை பார்க்கிற மெஷின். "கல்யாணச் சீர் மாதிரி இருக்கு" என்று கிண்டல் செய்தார்.

முதல் மலைதான் ஆளை அடிக்கிறது. ஒழுங்கில்லாத கல்படி, செங்குத்தாக. ஒரு படி முழங்கால் உயரம், அடுத்தது கணுக்கால் உயரம். வெள்ளை விநாயகர் வருவதற்குள் சட்டை பிழியப் பிழிய நனைந்துவிடும். "உயரத்துல ஆக்ஸிஜன் கம்மி, அதான் மூச்சு வாங்குது" என்று பக்கத்தில் ஒருவர் விளக்கிக்கொண்டே வந்தார். அது சரியில்லை. உயரத்தால் வருகிற கோளாறு பொதுவாக எட்டாயிரம் அடிக்கு மேல்தான். வெள்ளியங்கிரியில் வாங்குகிற மூச்சு, நாம் வருஷம் பூரா நாற்காலியில் உட்கார்ந்திருந்ததற்கான வட்டி!

வழியில் வழுக்குப்பாறை, கைதட்டிச் சுனை, பாம்பாட்டிச் சுனை என்று பெயரே கதை சொல்லும். அங்கங்கே சுக்குக் காபிக் கடை. யார் யாரைப் பார்த்தாலும் "சாமி"தான். இருபது வயசுப் பையன் என்னை "பார்த்து வாங்க சாமி" என்கிறான். ஐ.டி. கம்பெனிக்காரர், லாரி டிரைவர், பொரிகடலை விற்கிறவர், எல்லாரும் சாமி. அமாவாசை முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்ததால் நிலா இல்லை. மேலே பார்த்தால் நட்சத்திரம். கீழே பார்த்தால் கோவை நகரத்து விளக்குகள். நடுவில் எங்கள் டார்ச் வெளிச்சம் மட்டும் வரிசையாக நெளிந்து ஏறிக்கொண்டிருந்தது. என் வீடு அந்த விளக்குக் கூட்டத்தில் எங்கே என்று தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை. மறுநாள் பால்காரருக்குச் சொல்லாமல் வந்துவிட்டோமே என்ற கவலை அந்த நிமிஷத்தில்தான் போயிற்று.

நாலாவது மலை கொஞ்சம் சமதளம். உற்சாகமாகப் பேசிக்கொண்டே நடந்தார். ஐந்தாவது ஆரம்பத்தில் பேச்சு நின்றது. காற்று அடிக்க ஆரம்பித்திருந்தது. நனைந்த சட்டையில் அந்தக் காற்று பட்டால் ஏப்ரல் மாசமும் மார்கழிதான்.

"கொஞ்சம் உட்காரலாமுங்க."

"வேண்டாம்."

"ஸ்வெட்டராவது போட்டுக்குங்க."

"சும்மா நொய் நொய்ங்காத! உனக்கு முடியலைன்னா நீ உட்காரு. எதுக்கெடுத்தாலும் உட்காரு, மாத்திரை போடு, ஸ்வெட்டர் போடு! நான் என்ன பொணமா?"

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. இருபத்தெட்டு வருஷத்தில் வெளியிடத்தில் என்னை அப்படி ஒரு வார்த்தை சொன்னவர் இல்லை. பேசாமல் பின்னாலேயே நடந்தேன். கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. பத்தடி போயிருப்போம். தடியை ஊன்ற வேண்டிய இடத்தில் ஊன்றாமல் வேறெங்கோ வைத்தார். டார்ச்சை முகத்தில் அடித்துப் பார்த்தேன். அந்தக் குளிர்காற்றிலும் நெற்றி பூரா முத்து முத்தாக வேர்வை.

முதலில் நெஞ்சுவலி என்றுதான் நினைத்தேன். "நெஞ்சு வலிக்குதாங்க? கை? தாடை?" ஒவ்வொன்றுக்கும் "இல்ல, இல்ல" என்றார். கேள்வி புரிந்து சொல்கிற மாதிரி இல்லை. அப்போதுதான் எப்போதோ டாக்டர் சொன்னது பொறி தட்டியது. சர்க்கரை இறங்கினால் வேர்வை, நடுக்கம், பசி மட்டுமல்ல, காரணமில்லாத கோபம் வரும், பேச்சு குழறும், முரண்டு பிடிப்பார்கள் என்று. பக்கத்தில் வந்த இரண்டு பையன்கள் பிடித்து ஒரு பாறையில் உட்கார வைத்தார்கள். விரலில் குத்திப் பார்த்தேன். 58.

எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து மணி என்பது சர்க்கரைக்காரர் வீடுகளில் தெரிந்திருக்கும். மூன்று டீஸ்பூன் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். ஏறக்குறைய பதினைந்து கிராம். பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். குறைவாகவே இருந்தால் மறுபடி அதே அளவு. சாக்லேட், கடலை மிட்டாய் முதலில் உதவாது. அதில் இருக்கிற கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றவே கூடாது, புரை ஏறிவிடும். இதெல்லாம் இப்போது வரிசையாக எழுதுகிறேன். அன்றைக்கு அந்தப் பதினைந்து நிமிஷம் எப்படிப் போயிற்று என்று என்னைக் கேட்காதீர்கள். நான் சாமி கும்பிட்டேனா? ஞாபகமில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் தடவை 84. "குளிருது, அந்த ஸ்வெட்டரக் குடு" என்றார். அப்பாடா!

கடலை மிட்டாயும் இரண்டு இட்லியும் சாப்பிட்டதும் தெம்பு வந்துவிட்டது. வந்ததும் என்ன சொன்னார் தெரியுமா? "இன்னும் ரெண்டு மலைதானே, மெதுவாப் போயிரலாம்." எனக்கும் ஆசைதான், மறைப்பானேன். முப்பது வருஷம் கட்டுச்சோறு கட்டியவள். ஆறாவது மலையில் ஆண்டி சுனை, அதில் குளித்துவிட்டுத்தான் ஏழாவது ஏற வேண்டும் என்று கதை கதையாகக் கேட்டவள். அவர் வேறு, "நீயாவது போயிட்டு வா, நான் இங்கயே உட்கார்ந்திருக்கேன்" என்கிறார். அந்தப் பையன்களும் "நாங்க ஐயாவப் பார்த்துக்கறோம்மா" என்கிறார்கள். கால் மேலே போகச் சொல்கிறது. மனசு இவரை விட்டுப் போகாதே என்கிறது. கோபம் கோபமாக வந்தது, யார் மேல் என்றே தெரியாமல்.

அப்போது ஒரு பாட்டி எங்களைத் தாண்டி ஏறினார். எழுபது வயசாவது இருக்கும். வெறுங்கால். நின்று, என்ன ஏது என்று விசாரித்தார். கேட்டுவிட்டுச் சொன்னார்: "மலை எங்கயும் போயிராது சாமி, அங்கயேதான் இருக்கும். நீங்க ரெண்டு பேரும் இருக்கோணுமில்ல? ஏழு மலையும் அவனுதுதான். அஞ்சுல உட்கார்ந்தா மட்டும் கண்ணுக்குத் தெரியாமப் போயிருவானா?" சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டார்.

அந்தப் பாறையிலேயே விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். இருட்டில் இறங்குவது ஏறுவதைவிட ஆபத்து என்பதாலும்தான். நாலரை மணி சுமாருக்கு நடமாட்டம் குறைந்தது. பள்ளத்தாக்கில் சோலைக்காடு இருட்டாகத் தெரிந்தது. எங்கோ தண்ணீர் விழுகிற சத்தம். இந்த மலைகளில் பிறக்கிற ஓடைகள்தான் நொய்யல் ஆறாகிறது என்று பள்ளிக்கூடத்தில் நானே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். சொல்லிக் கொடுத்தது வேறு, இருட்டில் காதால் கேட்பது வேறு.

கிழக்கே லேசாக வெளுத்தபோது காட்டுக்குள்ளிருந்து யாரோ சீட்டி அடித்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட பையன் சோம்பலாகச் சீட்டி அடித்துக்கொண்டு போவானே, அந்த மாதிரி. "யாருடா அது இந்நேரத்துல?" என்று இவர் எட்டிப் பார்த்தார். ஆள் இல்லை. அது சீகாரப் பூங்குருவி என்பதை வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். மேற்குத் தொடர்ச்சி மலைப் பறவை. மனுஷன் சீட்டி மாதிரியேதான் இருக்குமாம்.

வெயில் புல்வெளி மேல் பட்டது. அதுவரை மொத்தமாகக் கறுப்பாக இருந்த மலை, ஒவ்வொரு மடிப்பாகப் பிரிந்து வந்தது. இவர் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், தன் நாடியைப் பிடித்துப் பார்க்காமலே, "நெஞ்சு நல்லாத்தான் இருக்குது" என்றார். இரண்டு வருஷத்தில் முதல் தடவை. கை இரண்டும் கூப்பியிருந்தது. சூரியனையா, மலையையா, என்னையா என்று நான் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரி ஜன்னல் வழியே மரம் தெரிந்த நோயாளிகள், செங்கல் சுவர் மட்டுமே தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீட்டுக்குப் போனார்கள் என்று ரோஜர் உல்ரிச் என்பவர் 1984-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியிட்டார். பித்தப்பை ஆபரேஷன் ஆனவர்களை வைத்துப் பார்த்தது. சின்ன ஆய்வுதான், நாற்பத்தாறு பேர். ஜப்பானில் 1982-லேயே வனத்துறை 'காட்டுக் குளியல்' என்று பெயர் வைத்து ஜனங்களை மரத்தடிக்கு அனுப்ப ஆரம்பித்துவிட்டது. நம் பாட்டன்மார் மலைக்கு ஒரு சாமி பெயரை வைத்துவிட்டுப் போனார்கள். ஜப்பான்காரர் செய்ததும் ஏறக்குறைய அதுதானோ என்னவோ!

இறங்கும்போதுதான் முழங்காலின் அருமை தெரிந்தது. ஏறும்போது மூச்சு, இறங்கும்போது மூட்டு. தடி இல்லாவிட்டால் நான் இன்னும் அங்கேயே இருப்பேன்.

திங்கட்கிழமை டாக்டரிடம் போய் நின்றோம். "ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?" "ரெண்டு சப்பாத்தி, ஏழு மணிக்கு." "சர்க்கரை மாத்திரை?" "வழக்கம்போலப் போட்டுட்டேன்." டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஒருசில சர்க்கரை மாத்திரைகள், நாம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். இன்சுலின் ஊசியிலும் அதே ஆபத்து உண்டு. தூங்குகிற நேரத்துக்கென்று போட்ட மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஏழெட்டு மணி நேரம் மலை ஏறினால்? நெஞ்சைப் பற்றி நூறு கேள்வி கேட்டோம். அந்த ராத்திரி மாத்திரையை என்ன செய்வது என்று கேட்கவே இல்லை. தப்பு எங்களுடையதுதான். நாமாகக் குறைப்பதும் கூடாது, முன்கூட்டியே கேட்டு அவர் சொல்கிறபடி செய்ய வேண்டும். இன்னொன்றும் சொன்னார். பி.பி.க்கும் இதயத்துக்கும் தருகிற சில மாத்திரைகள், சர்க்கரை இறங்கும்போது வருகிற படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும். வேர்வையை மட்டும் மறைக்காது. அன்று எங்களைக் காப்பாற்றியது அந்த வேர்வை! அதோடு, "நெஞ்சு இறுக்கமும் சேர்ந்து இருந்தா மெஷினை மட்டும் நம்பி உட்காரக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொன்னார்.

இதை இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன். 2024 கோடையில் வெள்ளியங்கிரி ஏறினவர்களில் அடுத்தடுத்துப் பல பேர் இறந்துபோனார்கள், வயசில் சின்னவர்கள் உட்பட. பேப்பரில் ஒவ்வொரு சேதியாக வர வர எனக்கு அந்தப் பாறை ஞாபகம்தான். இதய நோய், மூச்சுத் திணறல் மாதிரி தொந்தரவு உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று அதிகாரிகளும் அறிவித்தார்கள். அந்தக் கணக்குப்படி இவரைக் கூட்டிக்கொண்டு போனதே தப்பு என்று யாராவது சொன்னால், நான் வாதாட மாட்டேன். மேலே ஆம்புலன்ஸ் வராது. டோலி கட்டித்தான் தூக்கி வர வேண்டும். அதற்குள் மணிக்கணக்கில் ஆகிவிடும். உட்கார்ந்து பத்து நிமிஷம் ஆகியும் மூச்சு அடங்கவில்லையா, நெஞ்சு இறுக்குகிறதா, தலை சுற்றுகிறதா... "இன்னும் ஒரு மலைதானே" என்கிற வார்த்தை வாயில் வரும் முன் திரும்பிவிடுங்கள்.

தண்ணீர் விஷயத்திலும் ஒரு வார்த்தை. வேர்வையில் உப்பும் போகிறது. வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடித்தால் உடம்பில் உப்பு குறைந்து தலைவலி, குமட்டல், மயக்கம் வரும். கடையில் பொட்டலம் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. சர்க்கரை வியாதிக்காரர்களும் பி.பி.க்காரர்களும் இதைக் குடம் குடமாகக் குடிக்கக் கூடாது, டாக்டரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள். வெறுங்காலில் ஏறுவதாக வேண்டுதலா? சர்க்கரைக்காரர்களே, சாமி கோபித்துக்கொள்ள மாட்டார், செருப்பு போடுங்கள். கால் மரத்துப்போனவருக்குக் கல் குத்தினது தெரியாது, புண்ணான பிறகுதான் தெரியும்.

2025-ல், மார்ச் கடைசியில், என் நாத்தனாரோடு மறுபடி போனேன். அவருக்கு ஐம்பத்தாறு, ஆரோக்கியமானவர். இவர் அடிவாரம் வரை வந்தார். ஃப்ளாஸ்க், பேப்பர், ஒரு மடக்கு நாற்காலி சகிதம் கோயில் பக்கம் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்.

ஏழாவது மலை ஏறினேன். ஆண்டி சுனைத் தண்ணீர் பல்லைக் கிட்டித்தது. குகைக்குள் பத்து விநாடிதான் நிற்க விட்டார்கள், பின்னால் அவ்வளவு கூட்டம். கண்ணை மூடிக்கொண்டே நின்றுவிட்டேனோ என்று வெளியே வந்த பிறகு சந்தேகம். நாத்தனார்தான், "இல்ல அண்ணி, முழிச்சுத்தான் பார்த்தீங்க" என்றார்.

மத்தியானம் கீழே வந்து சேர்ந்தபோது இவர் எழுந்து வந்து தடியை வாங்கிக்கொண்டார்.

"எப்படி இருந்துச்சு?"

"அஞ்சாவது மலையில அந்தப் பாறை அப்படியேதாங்க இருக்குது."

"யாராச்சும் உட்கார்ந்திருந்தாங்களா?"

"ஒரு புருஷனும் பொண்டாட்டியும். இட்லி சாப்பிட்டுட்டிருந்தாங்க."